வாயசைக்காத பூசைகள்

அப்பா கோலார் தங்கவயலில் பிறந்தவர். பெங்களூரில் தொழிற்சாலை வேலை கிடைத்ததும் ஈஜிபுராவில் வாடகை வீடு பிடித்தார். பக்கத்து மாதா கோயிலில் ஞாயிறு காலைத் தமிழ்ப் பூசைக்கு அவர்தான் பாட்டை எடுத்துக் கொடுப்பார். கோயிலை ஒட்டி இருந்த சிஸ்டர்கள் பள்ளியில் நான் படித்தேன். ஆங்கில வழி, இரண்டாம் மொழி கன்னடம்.

நான் எட்டாவது படித்தபோது காவிரித் தகராறில் ஊர் கலவரமானது. எங்கள் தெருவில் பெரிதாக ஒன்றும் நடக்கவில்லை. பள்ளிக்கு விடுமுறை விட்டு மறுபடி திறந்தார்கள். அந்த ஞாயிறு நாங்கள் கோயிலுக்குப் போனபோது பங்குச் சாமியார் வாசலிலேயே நின்றிருந்தார்.

"கொஞ்ச நாளைக்குத் தமிழ்ப் பூசை வேணாம். நிலைமை சரியாகட்டும்."

"சரிங்க ஃபாதர்" என்றார் அப்பா.

நிலைமை சரியானது. தமிழ்ப் பூசை வரவில்லை. நாங்கள் கன்னடப் பூசைக்குப் போக ஆரம்பித்தோம். பள்ளியில் பாட்டு சொல்லிக்கொடுத்த சிஸ்டர் என்னைப் பாடகர் குழுவில் சேர்த்துவிட்டார். நான் முன்னால் நின்று கன்னடத்தில் பாடுவேன். அப்பா கடைசி பெஞ்சில் வாயை மூடிக்கொண்டு உட்கார்ந்திருப்பார். ஒருநாள் வீட்டுக்கு நடந்து வரும்போது, "கடைசியா பாடினீங்களே, அதுக்கு இன்னா அர்த்தம்?" என்று கேட்டார். சொன்னேன். "ஓ, அதானா" என்றார். அதற்குப் பிறகு கேட்டதே இல்லை.

சில வருடங்கள் கழித்து, வேறு சாமியார் வந்ததும், பள்ளி ஹாலில் மாலையில் தமிழ்ப் பூசை தொடங்கினார்கள். பழைய குழுவிலிருந்து இரண்டு பேர் வீட்டுக்கு வந்து அப்பாவைக் கூப்பிட்டார்கள். காபி குடித்துவிட்டு, "நீங்க பாடுங்கபா. எனக்கு இதுவே பழகிப்போச்சு" என்று சொல்லி அனுப்பிவிட்டார். அம்மா மட்டும் எப்போதாவது போய்வந்தாள்.

நான் அதே பள்ளியில் டீச்சராகச் சேர்ந்திருந்தபோது அப்பா இறந்தார். பக்கவாதம், மருத்துவமனையில் ஒரு வாரம். அடக்கப் பூசை பற்றிப் பேச இளம் சாமியார் ஒருவர் வந்தார்.

"எந்த மொழியில வெக்கட்டும்?"

நான் அம்மாவைப் பார்த்தேன். அம்மா கொஞ்சமும் யோசிக்கவில்லை.

"கன்னடத்துலயே வெச்சிடுங்க ஃபாதர். இத்தினி வருசம் அதுலதான உக்காந்திருந்தாரு."

அப்படியே நடந்தது. எல்லா வார்த்தையும் எனக்குப் புரிந்தது. சேர்ந்து பதிலும் சொன்னேன். கல்லறையில் பெட்டியை இறக்கியதும் பழைய குழு ஆட்கள் தமிழில் ஒரு பாட்டை ஆரம்பித்தார்கள். ஆளுக்கொரு சுதியில் போனார்கள். எடுத்துக் கொடுக்க ஆள் இல்லை. இரண்டாவது சரணத்தில் வரிகள் மறந்து முதல் சரணத்தையே திரும்பப் பாடினார்கள். எனக்கு அழுகை வரும் என்று காத்திருந்தேன். வரவில்லை. மதிலுக்கு அந்தப் பக்கம் கம்பெனி கேப் வண்டி ஒன்று விடாமல் ஹாரன் அடித்துக்கொண்டிருந்தது.

திங்கள்கிழமை பள்ளிக்குப் போனேன். "லீவு போட்டிருக்கலாமே" என்றார் தலைமை சிஸ்டர். "பரவாயில்ல சிஸ்டர்" என்றேன். மணி அடித்தது. பிள்ளைகளை ஜெபத்துக்கு வரிசையாக நிறுத்தினேன். ஒரு பெண்ணின் ரிப்பன் அவிழ்ந்திருந்தது, அதைக் கட்டிவிட்டேன்.