செம்புக் கெண்டியும் சிரட்டையும்

கித்துல்கலையில் ஆற்றோரமாக ஒரு விடுதி. அங்கே நான் வேலை பார்த்த காலத்தில், தினமும் விடிந்ததும் விருந்தாளிகள் புல்வெளியில் வரிசையாக நின்று மூக்குக் கழுவுவார்கள். ஆளுக்கொரு சின்னச் செம்புக் கெண்டி. தலையை ஒரு பக்கமாகச் சாய்த்து மேல் துவாரத்தில் இளஞ்சூடான உப்புத் தண்ணீரை ஊற்றினால், கீழ்த் துவாரம் வழியாக அது ஒழுகி வரும். மழைக்காலத்தில் தோட்டத்து வரிசை வீடுகளான எங்கள் லயத்துக் கூரை ஒழுகுவதைப் போலவே இருக்கும். எங்கள் கூரையைப் பார்க்கத்தான் யாரும் கொழும்பிலிருந்து வருவதில்லை.

கற்றுக்கொடுத்தது ஒரு யோகா மிஸ். நல்ல பெண். "பழைய கவலை எல்லாம் வெளியே போகுது, விட்டுடுங்க" என்று மெல்லிய குரலில் சொல்லுவார். அவர்களும் விட்டுவிடுவார்கள். வெளியே வந்தது சளி. அதைக் கழுவிவிட்டது நான். அதே ஆட்கள் வெயில் ஏறியதும் காற்றடித்த படகில் ஏறி ஆற்றில் இறங்குவார்கள். முதல் சுழியிலேயே களனி கங்கை அவர்கள் மூக்கில் வாளி வாளியாகத் தண்ணீர் ஊற்றும். அப்போது கவலை போகிறது என்று ஒருவரும் சொன்னதில்லை. "அம்மா" என்று கத்துவார்கள்.

தண்ணீரைக் கொதிக்க வைத்து, விரல் பொறுக்கும் சூட்டுக்கு ஆற வைத்து, அளவாக உப்புப் போட்டுக் கொடுப்பது என் வேலை. அது முடிந்தால் சமையலறை. அதுவும் முடிந்தால் நீர்வீழ்ச்சி பார்க்கப் போகும் விருந்தாளிகளுக்குப் பின்னால் சாமான் சுமப்பது. அதற்கு முன்னால் கொடகவெலப் பக்கம் தேயிலை மலையில் நின்றிருக்கிறேன். இரத்தினபுரியில் மாணிக்கக் குழியில் சேறு இறைத்திருக்கிறேன். கொழும்பில் சாப்பாட்டுக் கடையில் கோப்பை கழுவியிருக்கிறேன். எட்டாம் வகுப்போடு புத்தகப் பையை எறிந்தவனுக்கு இவ்வளவு ஊர் பார்க்கக் கிடைத்ததே பெரிய விஷயம். எங்கும் நிலைத்ததில்லை. ருவான்வெல்லைப் பக்கம் ரப்பர் தோட்டத்தில் பால் வெட்டும் என் மனைவி, இந்த வேலை கிடைத்த அன்றே சொல்லிவிட்டாள்.

"இங்க பாருங்க. ஒங்க பின்னால சட்டி பானையத் தூக்கிக்கிட்டு இனி என்னால அலைய முடியாது. இதையும் விட்டீங்கன்னா நீங்க போங்க. நானும் புள்ளையும் இந்த லயத்துலயே இருந்துக்கிறோம்."

சொன்னால் செய்கிறவள். அதனால் அந்த வேலையை நான் பல்லால் கடித்துப் பிடித்திருந்தேன்.

சனியன் நீர்வீழ்ச்சிப் பாதையில்தான் பிடித்தது. விருந்தாளிகள் குடிக்கும் போத்தல் தண்ணீர் முழுக்க என் தோளில். அதைத் தொடக்கூடாது என்பது மானேஜர் சட்டம். மலை ஏறி நாக்கு வறண்டதும், போத்தல்களை இறக்கி வைத்துவிட்டு ஓடையில் குப்புறப் படுத்து வாயை வைத்துக் குடித்தேன். தண்ணீரைச் சுமந்துகொண்டு தாகத்தில் திரிவதற்கும் ஒரு தகுதி வேண்டும் போலிருக்கிறது. ஒரு விருந்தாளி அம்மா அதைப் படம் பிடித்து, "எவ்வளவு இயற்கையா வாழுறாங்க!" என்று பக்கத்து ஆளிடம் காட்டினார்.

கொஞ்ச நாளில் வலது மூக்கு அடைத்தது. பிறகு அதிலிருந்து சொட்டுச் சொட்டாக இரத்தம். வலி இல்லை. உள்ளே ஏதோ ஊர்வது போல ஒரு குறுகுறுப்பு மட்டும். ஆஸ்பத்திரியில் சளி மாத்திரை கொடுத்து, மூக்கு கிளினிக்குக்குத் திகதி போட்டார்கள். அந்தத் திகதி வருவதற்குள் எனக்குத் தும்பிக்கையே முளைத்திருக்கும்.

ஒரு காலையில் நான் பப்பாசித் தட்டை மேசையில் வைக்கும்போது ஒரு சொட்டு அதில் விழுந்தது. பப்பாசி ஏற்கனவே சிவப்பு, யாரும் கவனிக்கவில்லை என்று நினைத்தேன். மானேஜர் கவனித்தார். தட்டை எடுத்தார், என்னையும் எடுத்தார். சமையலறைக்குப் பின்னால் நிறுத்திச் சிங்களத்தில் சொன்னார்:

"மல்லி, ஒன் மூக்க வீட்டுக்குக் கொண்டு போ. போயா லீவுக்குப் பெரிய குரூப் வருது. அதுக்குள்ள காஞ்சா வா. காயலேன்னா வராத, வேற ஆள் பார்த்துட்டேன்."

மல்லி என்றால் தம்பி. வேலையை விட்டுத் துரத்தும்போது அவருக்கு எல்லோரும் தம்பிதான்.

யோகா மிஸ் இரக்கப்பட்டார். "வீட்டுலயே உப்புத் தண்ணி ஊத்துங்க. கொதிச்சு ஆறின தண்ணி மட்டும். ஒங்களுக்குத்தான் அளவு தெரியுமே" என்றார். கெண்டி மட்டும் தரவில்லை. அது விடுதிச் சொத்து.

லயத்தில் என் மூக்கைப் பற்றி ஆளுக்கொரு தீர்ப்பு இருந்தது. பக்கத்துக் காம்பராவில், அதாவது அடுத்த அறையில், இருக்கும் அக்கா கண்ணூறு என்றார். என்னைப் பார்த்துக் கண் வைக்கிறவனுக்குத்தான் வைத்தியம் பார்க்க வேண்டும். தோட்டத்துச் சங்கத் தலைவர், விடுதியின் ஏசிக் காற்று என்றார். ஏசி விருந்தாளிகள் அறையில் இருந்தது; நான் அடுப்படியில் இருந்தேன். என் மனைவி என் வாயை முகர்ந்து பார்த்தாள்.

கெண்டிக்கு வழி அவளே கண்டுபிடித்தாள். ரப்பர் மரத்தில் வெட்டிய இடத்திலிருந்து பால் வழிந்து தேங்காய்ச் சிரட்டையில் விழுவதற்கு, மரத்தில் ஒரு சின்னத் தகரத்தை வளைத்துக் குத்துவார்கள். புதுத் தகரம் ஒன்றைக் கழுவி, ஒரு சிரட்டையின் விளிம்பில் பொருத்திக் கொடுத்தாள். செம்புக் கெண்டியைவிட நன்றாகவே ஊற்றியது.

"வீட்டுக்குள்ள ஊத்தாதீங்க. சமைக்கிற எடம்."

ஆகவே பீலிக்குப் போனேன். மலையிலிருந்து குழாயில் தண்ணீர் வந்து விழும் இடம் பீலி. குளிப்பு, துவைப்பு, பாத்திரம், ஊர் வம்பு எல்லாம் அங்கேதான். விருந்தாளிகள் ஆற்றைப் பார்த்துக்கொண்டு மூக்குக் கழுவினார்கள். நான் முழு லயமும் பார்க்க மூக்குக் கழுவினேன்.

"என்ன தம்பி, ரப்பர் மரமா ஆயிட்டீங்க? இன்னைக்கு எத்தன லீட்டர் பாலு?" என்றார் பக்கத்துக் காம்பரா அக்கா, கல்லில் துணி தப்பிக்கொண்டே.

"மழ நேரத்துல பால் வெட்டக் கூடாதுன்னு சொல்லுங்கக்கா," என்றாள் இன்னொருத்தி. "மரம் கெட்டுப் போகும்."

"அது நட்ட அன்னைக்கே கெட்ட மரம்டி" என்றாள் என் மனைவி.

முதல் நாள் அளவில் பிழை விட்டுவிட்டேன். விருந்தாளி மூக்குக்கு ஒரு கரண்டி என்றால், தோட்டத்து மூக்குக்கு மூன்று கரண்டியாவது வேண்டாமா என்று நினைத்து அள்ளிப் போட்டேன். கண் வழியாக, காது வழியாக, பிறந்ததிலிருந்து சேர்த்து வைத்த எல்லாம் வெளியே வந்தது போலிருந்தது. கவலை மட்டும் உள்ளேயே இருந்தது. மறுநாள் அளவாகப் போட்டேன். தண்ணீர் வலது பக்கத்தால் இறங்க மறுத்துத் தொண்டைக்குள் போனது. விறகெல்லாம் மழையில் நனைந்து கிடந்தது. ஒரு கேத்தல் தண்ணீர் கொதிப்பதற்குள் வீடு முழுக்கப் புகை.

"குடிக்கிற தண்ணியக் கொதிக்க வைக்கவே இங்க விறகில்ல. தொரைக்கு மூக்குக்குக் கொதிக்க வைக்கணும்" என்று ஊதாங்குழலை என் கையில் திணித்தாள். மூக்கடைத்தவன் வாயால்தானே ஊத வேண்டும், ஊதினேன்.

பௌர்ணமிப் போயாவுக்கு முந்தின நாள். அன்று சரியாகாவிட்டால் வேலை இல்லை. வேலை இல்லாவிட்டால் நான் பையைத் தூக்க வேண்டும், இந்த முறை தனியாக. காலையில் ஒரு சிரட்டைத் தண்ணீர் ஊற்றிவிட்டு, மீதி வடியட்டும் என்று பீலித் தண்ணீர் நிரம்பிய பேசினுக்கு மேல் குனிந்தபடியே இருந்தேன். நிமிர மனமில்லை. நிமிர்ந்தால் அவள் முகத்தைப் பார்க்க வேண்டும்.

திடீரென்று பக்கத்துக் காம்பரா அக்கா துணியைப் போட்டுவிட்டு அலறினார்.

"அடியே! ஒம் புருஷன் மூக்குலருந்து என்னமோ எட்டிப் பாக்குதுடி!"

எல்லோரும் ஓடி வந்தார்கள். நான் நிமிர்ந்தேன். அது உள்ளே போய்விட்டது.

"சளிதானேக்கா?"

"சளி திரும்பி உள்ள போகுமாடி? கறுப்பா, நாக்கு மாதிரி நீட்டிப் பாத்துச்சு!"

"மூளையா இருக்குமோ?" என்றது ஒரு குரல்.

"அதெல்லாம் அவருக்கு இல்லீங்க" என்றாள் என் மனைவி. சொல்லிக்கொண்டே அடுப்படிக்கு ஓடி, விரல்களில் சாம்பல் பூசிக்கொண்டு வந்தாள். வழுக்குகிற மீனை நறுக்கும்போது அப்படித்தான் பிடிப்பாள். "குனிங்க. மூச்சு வாயால விடுங்க. ஆடாதீங்க."

தண்ணீருக்கு மேல் முகத்தை வைத்துக் காத்திருந்தேன். பீலியில் அவ்வளவு அமைதியை நான் அதற்கு முன் கேட்டதில்லை. குறுகுறுப்பு மெதுவாகக் கீழே இறங்கியது. மேலுதட்டில் குளிர்ச்சியாக ஏதோ தொட்டது. அவள் பிடித்தாள். அது இழுபட்டு நீண்டது; உள்ளே கடித்த இடத்தை விடவில்லை. நான் கத்தினேன். அவளும் விடவில்லை. இரண்டு பிடிவாதத்தில் அவளுடையது பெரிதாக இருந்ததால் அது தோற்றது.

அட்டை. என் சுண்டுவிரல் நீளம். என் இரத்தத்தைக் குடித்து, நான் கொடகவெலையில் கண்ட, தோட்டத்து வேலையை மேய்க்கும் கண்டக்டர் ஐயா மாதிரிக் கொழுத்திருந்தது.

"மாட்டுக்குத்தான்டி மூக்குல இப்படி ஏறும். ஓடையில வாய வச்சுக் குடிச்சா ஏறிக்கும்" என்றார் அக்கா.

"அப்பச் சரியாத்தானே ஏறியிருக்கு" என்றாள் மனைவி. சேலைத் தலைப்பைத் தண்ணீரில் நனைத்து என் மூக்கை அழுத்திப் பிடித்துக்கொண்டாள், இரத்தம் நிற்கும் வரைக்கும்.

எங்கள் ஆட்கள் மழை நாளில் உப்புப் பொட்டலம் இல்லாமல் மலைக்கு ஏறுவதில்லை. காலில் அட்டை ஏறினால் உப்பைத் தொட்டு வைத்துவிட்டு வேலையைப் பார்ப்போம். அதற்கு மூச்சைக் கவனி என்று பக்கத்தில் ஒருவரும் சொல்ல வேண்டியதில்லை. அப்படிப்பட்ட லயத்தில், மூக்குக்குள் இருப்பது அட்டை என்று ஒருவருக்கும் தோன்றவில்லை. எனக்கும் தோன்றவில்லை. செம்புக் கெண்டியில் வருகிற உப்பு வேறு உப்பு என்று நானும் நம்பியிருக்கிறேன்.

மூக்கு திறந்ததும் முதலில் வந்தது லயத்துக்குப் பின்னாலுள்ள கழிவுநீர்க் கானின் நாற்றம். முகத்தைச் சுளித்தேன். "வாசம் வருதா?" என்று கேட்டு, அன்று முதல் தடவையாக அவள் சிரித்தாள்.

மறுநாள் முதல் பஸ்ஸில் யட்டியாந்தோட்டை வழியாகக் கித்துல்கலைக்குப் போனேன். சொன்னால் மானேஜர் நம்ப மாட்டார் என்று அட்டையை உப்புத் தண்ணீரோடு ஜாம் போத்தலில் போட்டு எடுத்துப் போனேன். வாசலில் வேன்கள் வந்து நின்றுகொண்டிருந்தன.

"சேர், மூக்கு காஞ்சிருச்சு. இதுதான் உள்ள இருந்துச்சு."

அவர் போத்தலை வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தார். பிறகு விருந்தாளிகள் பக்கம் பார்த்தார். என்னை அறைக்குள் இழுத்துக் கதவைச் சாத்தினார்.

"எங்க வச்சு ஏறிச்சு?"

"நீர்வீழ்ச்சிப் பாதையில, சேர். கெஸ்ட்மாரு படம் எடுக்குற ஓடை."

"வேற யாருக்குச் சொன்ன?"

"எங்க லயத்துக்கு மட்டும் தெரியும்."

"இங்க?"

"இன்னும் இல்ல, சேர்."

அந்த 'இன்னும்' என்ற சொல்லை நான் யோசித்துப் போடவில்லை. அது தானாக வந்தது. போய் நல்ல இடத்தில் உட்கார்ந்தது. மானேஜர் போத்தலை மேசை இழுப்பறைக்குள் வைத்துப் பூட்டினார். எனக்குத் தேத்தண்ணீர் ஊற்றினார். அந்த விடுதியில் அவர் எனக்கு ஊற்றிய முதல் தேத்தண்ணீர் அது.

"மல்லி, அட்டைன்னு ஒரு வார்த்த ஒன் வாயால வரக் கூடாது. அந்தப் பாதையில மண்சரிவு. அவ்வளவுதான். கேக்குறவங்களுக்கு மண்சரிவுன்னு சொல்லு. போ, வேலையப் பாரு."

எங்கள் மாவட்டத்தில் மண்சரிவு என்றால் ஒருவரும் மறுகேள்வி கேட்பதில்லை. சனங்கள் உண்மையாகவே மண்ணுக்கடியில் போகிற ஊரில் அது நல்ல வசதியான பொய்.

என் மூக்குக்காக என்னை வெளியே அனுப்பியவர் என் வாய்க்காக உள்ளே எடுத்துக்கொண்டார். புல்வெளியில் யோகா மிஸ் புதுக் குழுவுக்குக் கெண்டி பிடிக்கக் கற்றுக்கொடுத்துக்கொண்டிருந்தார். என்னைக் கண்டதும், "உப்புத் தண்ணி வேலை செஞ்சுதா?" என்று சந்தோஷமாகக் கேட்டார். "நல்லா செஞ்சுது, மிஸ்" என்றேன். பொய்யில்லை. அவர் அதை இங்கிலீஷில் சொல்ல, எல்லோரும் கை தட்டினார்கள். வாழ்க்கையில் எனக்குக் கிடைத்த ஒரே கைதட்டல் அதுதான், அதுவும் மூக்குக்கு.

சமையலறையில் எனக்குப் பதிலாக எடுத்த ஆள், விடுதிச் சட்டையைப் போட்டுக்கொண்டு தேங்காய் துருவிக்கொண்டிருந்தான். யட்டியாந்தோட்டைப் பக்கத்து லயத்துக்காரன், என் வயதுதான் இருக்கும். மானேஜர் வாசலிலிருந்தபடியே சட்டையைக் கழற்றிக் கொடுக்கச் சொல்லிவிட்டுப் போனார். அவன் கையைத் துடைத்துக்கொண்டு என்னிடம் தமிழில் கேட்டான்.

"என்னண்ணே, நான் ஏதும் பிழ செஞ்சிட்டேனா?"

"இல்லப்பா."

"அப்ப ஏன் போகச் சொல்றாங்க?"

ஜன்னலுக்கு வெளியே மானேஜர் நின்றார்.

"மண்சரிவு" என்றேன்.

"எங்கண்ணே?"

"மேல, பாதையில."

அவன் பயந்துபோய் மலைப் பக்கம் எட்டிப் பார்த்தான். "யாருக்கும் ஒண்ணும் ஆகலியே?" என்று கேட்டான். ஆகவில்லை என்றேன். பிறகு அவன் பொத்தான்களைக் கழற்றினான். சட்டை சூடாக இருந்தது. இன்னொருத்தன் வேர்வை வாசம் நன்றாகவே வந்தது. போட்டுக்கொண்டு, மீதித் தேங்காயைத் துருவினேன்.