தாத்தாவுக்குக் காது குத்தவில்லை

எண்பதைத் தாண்டிய மனிதரின் காதை யார் உற்றுப் பார்க்கிறார்கள்? என் மகளுக்குக் காது குத்த நாள் பார்த்தபோதுதான், தாத்தாவின் காதில் ஓட்டையே இல்லை என்று கவனித்தேன். நம் குலதெய்வம் எந்த ஊரில் என்று கேட்டால் வாயைத் திறக்க மாட்டார். அப்படி ஓர் அழுத்தக்காரர்.

நான் விடுவேனா? குடைந்து குடைந்து கேட்டதும் வெடித்துவிட்டார்.

"எங்கம்மா செத்த பிறவு, குறிச்ச நாள்ல காது குத்த எங்க மாமன் வரல. எங்கப்பன் என்னைத் தூக்கிக்கினு திண்டிவனம் வந்துட்டாரு. அந்த ஊரு இனி எதுக்கு?"

தாய்மாமன் மடியில் உட்கார வைத்துத்தான் எங்கள் பக்கம் காது குத்துவார்கள். மடி தராத மாமன் உறவை அறுத்துவிட்டார் என்றே இத்தனை காலமும் நினைத்திருக்கிறார், பாவம். எனக்கு அழுகையே வந்துவிட்டது.

ஊர்ப் பேர் அவருக்கு நினைவில்லை. அம்மா இடுப்பில் அனந்தபுரம் சந்தைக்குப் போனதும், ஊருக்கு முதுகு காட்டி நிற்கும் அய்யனார் குதிரையும்தான் ஞாபகம். அவரையும் வற்புறுத்திக் காரில் ஏற்றிக்கொண்டு போய், அனந்தபுரத்தில் மல்லாட்டை எனும் வேர்க்கடலை மூட்டை ஏற்றிக்கொண்டிருந்தவரிடம் கேட்டோம்.

"அந்தக் குதிரையா? வல்லம் போற வழில இருக்குதுங்க."

குதிரை இருந்தது. தாத்தாவின் அப்பா பேரைச் சொல்லி விசாரித்துப் போன வீட்டில், அந்த மாமனின் மகன் இருந்தார். அவருக்கும் தலை முழுக்க நரை. தாத்தா காரை விட்டு இறங்கவில்லை. மாமன் மகனே கார் கதவுக்கு வந்தார்.

"அத்தை புள்ளையா நீ? சாவு வூட்ல எங்கப்பாவுக்கும் உங்கப்பாவுக்கும் வாய்த்தகராறாம். ஆனாலும் துக்கம் நடந்த வூட்ல வருஷம் திரும்பாம நல்லது பண்ணக் கூடாதுன்னுதான் எங்கப்பா காத்துக்கினு இருந்தாரு. வருஷம் திரும்புன உடனே கடுக்கன் எடுத்துக்கினு போனா, உங்க வூடு பூட்டிக் கெடக்குது. சாவுற வரைக்கும் தேடினாருய்யா!"

தாத்தா துண்டால் முகத்தை மூடிக்கொண்டார்.

எங்கள் குலதெய்வமான அந்த அய்யனார் கோயிலிலேயே மகளுக்குக் காது குத்தினோம். என் தம்பி மடியில் அவள் ஊரைக் கூட்டினாள். அவள் இறங்கியதும் அந்த மாமன் மகன் பாயில் சப்பணமிட்டு உட்கார்ந்து தொடையைத் தட்டினார். மடித்த துணியிலிருந்து அதே கடுக்கனை எடுத்தார்.

"வா மச்சான். எங்கப்பாவுக்குப் பதிலா நான்."

"இன்னாய்யா இது, எல்லாரும் சிரிப்பாங்க."

"சிரிச்சிக்கினு போறாங்க. ஜல்தி வா."

தாத்தா கூச்சப்பட்டுக்கொண்டே போய் உட்கார்ந்தார். உட்கார்ந்ததுதான் தாமதம், "மாமா" என்று பெருங்குரலெடுத்து அழுதார். ஆசாரி இன்னும் ஊசியைக் கையில் எடுக்கவே இல்லை.