தொட்டித் தூணில் எழுதிய தேதி

என் தம்பிக்குப் பஞ்சர் ஒட்டுவது தொழில். கடை, குடிநீர்த் தொட்டிக்கு நேர் எதிரே. பிறந்து வளர்ந்தது அந்தத் தெருவில்தான். கடைக்குப் பின்னால் ஒற்றை அறையில் அவனும் அவன் மனைவியும் குடியிருந்தார்கள்.

தொட்டியைக் கழுவினால் அந்தத் தேதியைத் தூணில் பெயின்டால் எழுதவேண்டும் என்பது நகராட்சி வழக்கம். தேதி தவறாமல் மாறும். ஆனால் ஏணியில் ஒரு ஆள் ஏறி என் தம்பி கண்டதில்லை. பெயின்டர் வருவார், கீழே நின்று எழுதுவார், போய்விடுவார்.

தெருவில் மஞ்சள் காமாலை பரவி, தம்பி மனைவியும் படுத்துவிட்டாள். நல்ல தண்ணீர் வந்தால் அவள் பிழைத்துக்கொள்வாள் என்று அவனுக்கு அது ஒன்றே நினைப்பு.

நகராட்சிக் கூட்டத்தில் பொதுமக்கள் பின்பெஞ்சில் உட்காரலாம், வாய் திறக்கக் கூடாது. நானும் கூடப் போயிருந்தேன். இவன் எழுந்துவிட்டான்.

"தொட்டியத் திறந்து காட்டுங்கய்யா."

"அதான் தேதி போட்டிருக்கே, கண்ணு தெரியலையா?" என்றார் தலைவர்.

"தேதியக் குடிக்க முடியாதுங்களே."

"டியூபுல ஓட்டை தேடுற ஆளு, இங்கயும் வந்து தேடுறான்" என்றார் ஒரு உறுப்பினர். சபையே சிரித்தது. காவலாளி எங்களை வெளியே கொண்டுவந்து விட்டார்.

"ஊதுற சங்க ஊதிட்ட. விடுடா" என்றேன்.

"செவிட்டுக் காதுலதானேக்கா ஊதிட்டு வந்திருக்கேன்."

மறுநாள் ஊர் கூடிப் பார்க்கட்டும் என்று பட்டப்பகலில் வெறும் வாளியும் கயிறுமாக ஏணியில் ஏறினான்.

"இறங்குடா! அவளுக்கு உன்ன விட்டா யாருடா இருக்கா?"

"அவளுக்காகத்தான்க்கா ஏறுறேன்."

தொட்டி மூடி பாதி உடைந்து கிடந்ததாம். உள்ளே வாளியை விட்டு இழுத்தான். கறுத்த சேறு, அதில் அழுகிய புறா. அப்படியே கொண்டுபோய்த் தலைவர் மேசைமேல் வைத்தான்.

மாலையே போலீஸ் வந்தது. குடிநீரில் செத்த புறாவைப் போட்டானாம்.

"இவன் போடலைங்கய்யா" என்றேன்.

"மேல ஏறினது இவன் ஒருத்தன்தானேம்மா? ஊரே சாட்சி" என்றார் போலீஸ்காரர்.

சாட்சி வேண்டும் என்றுதான் பகலில் ஏறினான். அதுவே அவன் கழுத்தில் விழுந்தது.

தொட்டியை உடனே கழுவினார்கள். அவன் அசுத்தப்படுத்தியதால் கழுவுகிறோம் என்று தெருத்தெருவாக மைக்கில் சொன்னார்கள். தண்ணீர் கண்ணாடிபோல வந்தது. தம்பி மனைவிக்கு அது உதவவில்லை. வாயில் விட்டதெல்லாம் வழிந்துவிட்டது.

அவள் அடக்கத்துக்கு அவனை விலங்கோடு கூட்டிவந்தார்கள். பக்கத்து வீட்டுக்காரி அழுதுகொண்டே அவனிடம் கேட்டாள்: "ஏன்பா, அந்தப் புறாவ எதுக்குப்பா போட்ட?"

அவன் என்னைப் பார்த்தான்.

"அக்கா, நீ பாத்தேல்ல?"

"பாத்தேன்டா."

கேட்கிறவர்களிடம் சொல்கிறேன். கேட்காதவர்களையும் நிறுத்தி வைத்துச் சொல்கிறேன்.