ஈரச் செங்கல்

கண் ஆஸ்பத்திரியின் தலைமை நர்ஸ் போனை வைத்ததும் அக்காவுக்குத் தலைகால் புரியவில்லை. அடுப்பில் பால் பொங்கி வழிவதைக்கூடப் பார்க்காமல் வீட்டுக்குள் குறுக்கும் நெடுக்குமாக நடந்தாள். லாரி ஓட்டிவிட்டு வந்து அப்போதுதான் படுத்திருந்த கணவன் ஒற்றைக் கண்ணைத் திறந்து பார்த்தான்.

"என்ன, வீடு தீப்பிடிச்சிருச்சா?"

"நூத்தி நாப்பது அடி பாதைங்க! கேட்டுலேருந்து வார்டு வரைக்கும். அத்தனையும் பழைய செங்கல். பாசி எடுத்துப் பூச்சு பூசற வேலை முழுக்க எனக்குத்தான்!"

"கண்ணாஸ்பத்திரியா? அங்க கமிட்டி செகரட்டரி அந்த வக்கீல்தானே?"

அவள் நடை சட்டென்று நின்றது. அடுப்பை அணைத்தாள்.

அந்த வக்கீலால்தான் அவளுக்கு ஊருக்குள் 'சுண்ணாம்பு' என்று பெயர். ஒன்பது வருடம் ஒரு லாட்ஜில் தரை தேய்த்தவள் அவள். அங்கே பின்கட்டில் கிடந்த செங்கல் நடைபாதையை ஒரு நாள் போகிற போக்கில் சுரண்டிப் பார்த்து, கறுப்புக்கு அடியிலிருந்து சிவப்பு எட்டிப் பார்த்ததில் சொக்கிப் போனாள். வேலையை விட்டாள். கணவனின் தங்கையையும் கூட்டுச் சேர்த்துக்கொண்டு வீடு வீடாகச் செங்கல் பாதை கழுவக் கிளம்பினாள். நாலாவது வீடு வக்கீல் வீடு. தேய்த்துக் கழுவியதெல்லாம் சுத்தமாகத்தான் இருந்தது. ஆனால் தண்ணீர் இறங்காமல் தடுக்கும் பூச்சைச் செங்கல் காய்வதற்குள் பூசிவிட்டாள். உள்ளே மாட்டிக்கொண்ட ஈரம் வெளியே வர வழியில்லாமல், மூன்றாம் நாள் வாசல் முழுக்கப் பால் கொட்டினாற்போல் வெளுத்துவிட்டது. "செங்கலைக் கழுவச் சொன்னா சுண்ணாம்பு அடிச்சுட்டுப் போயிருக்கா" என்று வக்கீல் சிரித்தார். அவர் சிரித்ததோடு விட்டுவிட்டார், ஊர் விடவில்லை. எட்டு மாதமாக ஒருவரும் அவளை வேலைக்குக் கூப்பிடவில்லை. ஏன் அப்படிச் செய்தாய் என்று யாரும் கேட்கவும் இல்லை, அவளும் சொல்லவில்லை. நாம் அவளை அந்தப் பெயரால் கூப்பிட வேண்டாம், அக்கா என்றே வைத்துக்கொள்வோம்.

ஆஸ்பத்திரிக்குப் போனதும் தலைமை நர்ஸ் சுற்றி வளைக்காமல் விஷயத்தைச் சொன்னார். போன வாரம் கண்ணில் கட்டுப் போட்ட ஒருவர் பாசியில் வழுக்கி விழுந்து மணிக்கட்டை உடைத்துக்கொண்டார். பாதையையே பெயர்த்துவிட்டுச் சிமெண்ட் போடலாம் என்று கமிட்டி முடிவு கட்டிவிட்டது.

"நான்தான் மல்லுக்கு நின்னு ஒரு வாரம் வாங்கியிருக்கேன். சனிக்கிழமை பத்து மணிக்கு செகரட்டரி சார் வருவாரு. உடைக்கிற ஆளுங்களையும் கையோட கூட்டிட்டு வருவாரு. அவருக்குத் திருப்தின்னா பாதை பொழைச்சுது. இல்லைன்னா அன்னிக்கே மெஷினை இறக்கிருவாங்க."

"என்னைக் கூப்பிட்டது அவருக்குத் தெரியுமா சிஸ்டர்?"

"தெரியும். 'அந்தச் சுண்ணாம்பா?'ன்னு கேட்டாரு. நான் காதுல வாங்காத மாதிரி இருந்துட்டேன்."

அப்படியே வீட்டுக்குப் போய்விடலாமா என்று அக்காவுக்கு இருந்தது. ஆனால் திரும்பிப் பாதையைப் பார்த்ததும் எல்லாம் பறந்துவிட்டது. அப்பேர்ப்பட்ட பாசி! இரண்டு பக்கமும் வேலிச்செடி வளர்ந்து வெயிலை மறைத்துக்கொள்ள, இடுக்குக்கு இடுக்கு பச்சைப் பசேலென்று மெத்தை கட்டியிருந்தது. நடுவில் பூஞ்சை கறுப்புக் கறுப்பாகப் படர்ந்து கிடந்தது. அவள் குனிந்து ஒரு துண்டைப் பிய்த்து நாத்தனாரிடம் நீட்டினாள். "பாத்தியாடி, எவ்ளோ கொழுப்புன்னு!" கல்யாண வீட்டுக்கு வந்தவள் போல அவளுக்கு வாயெல்லாம் பல்.

திங்கட்கிழமை வேலிச்செடியை வெட்டி வெயிலுக்கு வழிவிட்டார்கள். பிளீச்சிங் பவுடரைத் தண்ணீரில் கரைத்து ஊற்றி ஊற வைத்தார்கள். செவ்வாய், புதன் இரண்டு நாளும் தேய்ப்பு. கம்பி பிரஷ்ஷை அக்கா தொடவே விடமாட்டாள், அது செங்கலின் தோலை உரித்துவிடும். தென்னை நார் பிரஷ்தான். இடுக்குகளைப் பழைய கத்தியால் சுரண்டினாள். நாத்தனாரைப் பற்றியும் சொல்ல வேண்டும். சுத்தம் என்று வந்துவிட்டால் அவளுக்குக் கண்மண் தெரியாது. சாப்பிட்ட தட்டைக் கழுவிய பிறகு குழாயையும் கழுவுகிறவள் அவள். முட்டி தேயத் தேயக் குந்திக்கொண்டு, "வா வெளியே! வாடா!" என்று பாசியை அதட்டிக்கொண்டே தேய்த்தாள்.

புதன் மாலை கழுவிவிட்ட தண்ணீர் கறுப்பாக ஓடி, பழுப்பாகி, கடைசியில் தெளிந்தது. செங்கல் தெரிந்தது. சிவப்பென்றால் அப்படி ஒரு சிவப்பு. கட்டுப் போட்ட நோயாளிகள்கூட ஜன்னலில் வந்து மற்ற கண்ணால் எட்டிப் பார்த்தார்கள். அக்கா சின்னப் பிள்ளையாட்டம் கைதட்டினாள்.

வியாழக்கிழமை முழுக்க நல்ல வெயில் காய்ந்தது. சாயங்காலம் பொடி மணலைக் கொட்டி இடுக்குகளில் நிரப்பினார்கள். மூன்று இடத்தில் பிளாஸ்டிக் தாள் விரித்து, நாலு ஓரத்தையும் டேப் வைத்து ஒட்டினாள் அக்கா. ஈரமிருந்தால் விடிவதற்குள் தாளின் அடியில் வியர்த்திருக்கும். வியர்க்காவிட்டால் வெள்ளி காலையில் பூச்சு. வக்கீல் வீட்டு வேலைக்குப் பிறகு அவள், பெயிண்ட் கடையில் அடுக்கியிருந்த பூச்சு டப்பாக்களின் பின்னால் எழுதியிருப்பதை ஒன்று விடாமல் படித்து மனப்பாடம் செய்திருந்தாள்.

வெள்ளிக்கிழமை காலை, பூச்சு டப்பாவையும் ரோலரையும் தூக்கிக்கொண்டு கேட்டுக்குள் நுழைந்தவள் பேயறைந்தாற்போல நின்றுவிட்டாள். பாதை நனைந்து பளபளத்துக்கொண்டிருந்தது. கோடியில் நாத்தனார் கையில் தண்ணீர்க் குழாயோடு நின்றாள்.

"அண்ணி, சீக்கிரமே வந்துட்டேன்! மணலெல்லாம் செங்கல் மேல தூசியா கெடந்துச்சு. பூசுறதுக்கு முன்னாடி ஒரு அலசு அலசிடலாமேன்னு... தாளையெல்லாம் பிரிச்சுப் பாத்தேன், சொட்டு ஈரம் இல்ல. அப்புறம்தான் அலசினேன்."

"அடிப்பாவி!"

அவ்வளவுதான் வந்தது. நாத்தனாரின் முகம் தொங்கிவிட்டது. என்ன செய்தோம் என்பது அவளுக்கு அப்போதுதான் உறைத்தது. குழாயைப் போட்டுவிட்டுத் தலையில் அடித்துக்கொண்டாள். அக்காவுக்கு அவளை நாலு அறை அறையலாமென்றும் இருந்தது, கட்டிப்பிடித்து அழலாமென்றும் இருந்தது. இரண்டையும் செய்யாமல் துடைப்பத்தை எடுத்துத் தேங்கிய தண்ணீரைத் தள்ள ஆரம்பித்தாள்.

மதியம் இரண்டு மணிக்குள் மேற்பரப்பெல்லாம் உலர்ந்துவிட்டது. தொட்டால் சூடாகக்கூட இருந்தது. அக்கா ஒரு தாளை ஒட்டி வைத்து, சாயங்காலம் பிரித்தாள். அடியில் முத்து முத்தாகத் தண்ணீர்.

"அண்ணி, மேல காஞ்சிருச்சு. இப்பவே பூசிடலாம்" என்று நாத்தனார் கெஞ்சினாள். "நாளைக்குப் பத்து மணிக்குக் கண்ணாடியாட்டம் இருக்கும். வெளுக்கறதுன்னா ரெண்டு மூணு நாள் கழிச்சுத்தானே வெளுக்கும்? அதுக்குள்ள மெஷின் திரும்பிப் போயிருக்கும். பாதை பொழைச்சுக்கும்."

அக்கா டப்பாவைத் திறந்தாள். வாசனை மூக்கில் ஏறியது. ரோலரைக் கையில் எடுத்தாள். நாத்தனார் சொன்னது அத்தனையும் நிஜம் என்பதுதான் கொடுமை. பூசாவிட்டால் நாளைக்கு உடைத்துவிடுவார்கள். பூசினால் நாளைக்குத் தப்பிக்கலாம், அதற்கு மறுநாளும் தப்பிக்கலாம். ரோலரைக் கீழே வைத்தாள். பிறகு டப்பாவை இறுக்கி மூடி, மூடியின் மேல் ஏறி உட்கார்ந்துகொண்டாள்.

சனிக்கிழமை பத்தடிக்க ஐந்து நிமிடம் இருக்கும்போதே வக்கீல் வந்துவிட்டார். பின்னாலேயே ஒரு வண்டியில் உடைக்கும் மெஷினும் மூன்று ஆட்களும். அவர் பாதையில் நடந்தார், செருப்பை அழுத்தித் தேய்த்துப் பார்த்தார், குனிந்து இடுக்கைத் தடவினார்.

"வழுக்கல. பாசியும் இல்ல. ஆனா பூச்சு எங்க? பூசாம விட்டா அடுத்த மழையில மறுபடியும் பாசி பிடிச்சுக்குமே. ஒரு வாரம்தான் உங்களுக்குக் குடுத்தது."

நாத்தனார் வாயைத் திறந்தாள். அக்கா அவள் கையைப் பிடித்து அமுக்கினாள்.

"நேத்து தப்பா நனைச்சுட்டோம் சார். இங்க வந்து பாருங்க."

ராத்திரி ஒட்டி வைத்திருந்த தாளை அவர் கண் முன்னாலேயே உரித்துத் தூக்கினாள். அடியில் இருந்த நீர்த்துளிகள் ஓடிச் சேர்ந்து அவர் செருப்பின் மேலேயே சொட்டின. ஆட்களில் ஒருவன் சிரித்துவிட்டு வாயை மூடிக்கொண்டான்.

"எத்தனை நாள் வேணும்?" என்றார் வக்கீல்.

இரண்டு நாள் என்றால் அவர் தலையாட்டிவிடுவார் என்று அவளுக்குத் தெரியும்.

"நாலு நாள் சார். இடுக்குல போட்ட மணலும் தண்ணி குடிச்சிருக்கு. மழை வந்தா இன்னும் கூட ஆகும்."

தலைமை நர்ஸ் கண்ணை மூடிக்கொண்டார். வக்கீல் அந்தத் தாளைக் கையில் வாங்கிப் பார்த்தார்.

"எங்க வீட்டுல பூசறப்போ இந்த மாதிரி பாக்கத் தெரியாதா உங்களுக்கு?"

"அப்போ தாள் வெச்சுப் பாக்கத் தெரியாது சார். ஆனா கையை வெச்சாலே தெரிஞ்சுது. சில்லுன்னு இருந்துச்சு."

"தெரிஞ்சுமா பூசினீங்க?"

"ஞாயித்துக்கிழமை விருந்தாளிங்க வராங்க, சனிக்கிழமைக்குள்ள முடிச்சாகணும்னு சொன்னீங்க. இன்னும் நாலு நாள் வேணும்னு உங்ககிட்ட கேக்க எனக்குத் தைரியம் வரல."

சிரித்த ஆள்கூடத் தலை குனிந்துகொண்டான். வக்கீல் வண்டிப் பக்கம் திரும்பி, "மெஷினை எடுத்துட்டுப் போங்கப்பா" என்றார்.

நாத்தனார் அக்காவின் தோளில் சாய்ந்து ஓவென்று அழ ஆரம்பித்தாள். வக்கீல் கேட் வரைக்கும் போய்விட்டுத் திரும்பிப் பார்த்தார்.

"அப்போ புதன்கிழமை வந்து பாக்கட்டுமா?"

"புதன்கிழமை காஞ்சிருக்கும், அன்னிக்குத்தான் பூசுவேன். வியாழக்கிழமை வாங்க சார்" என்றாள் அக்கா.