ஏலக்காய் ஸ்டோரில் காய்ந்த போர்விமானம்

எங்கள் பள்ளிச் சீருடையில் எந்நாளும் ஏலக்காய் மணக்கும். போடிமெட்டுக்கு மேலே ஒரு தோட்டத்தில், பச்சை ஏலக்காயை விறகுச் சூட்டில் உலர்த்தும் ‘ஸ்டோரு’க்கு அப்பாதான் பொறுப்பு, மழைக்காலம் வந்துவிட்டால் துணி, புத்தகப்பை, செருப்பு என்று நனைந்தது எதுவானாலும் எங்கள் குடியிருப்பில் எல்லோருமே அந்த அறைக்குள்தான் கொண்டுபோய் வைப்பார்கள். விடுமுறை முடிந்து நானும் செல்வி அக்காவும் போடியில் இருந்த பள்ளி விடுதிக்குத் திரும்பினால், “பாயாசம் வந்திருச்சுடி!” என்று ஒரு கும்பலே கேலி செய்யும்.

அக்காவுக்குக் கோபம் மூக்குக்கு மேல் வரும். “இந்தத் தடவ பள்ளிக்கூடக் கண்காட்சிக்குச் சண்டை விமானம் கொண்டாறேன், பாருங்கடி” என்று சவால் விட்டுவிட்டாள். பம்பாயிலிருந்து மாமா வாங்கி வந்த பெட்டி இருந்த தைரியம்தான். இரண்டாம் உலகப்போரில் பறந்த விமானமொன்று அதற்குள் பிளாஸ்டிக் துண்டுகளாகக் கிடந்தது. விடுமுறையில் மலையேறியதும் ஒட்டி முடித்தாள். முடித்ததும் முகம் கோணியது.

“திருவிழாப் பொம்மை மாதிரில்ல பளபளன்னு இருக்கு. சண்டைக்குப் போனது மாதிரியா இருக்கு?”

ஆகவே அதைப் பழசாக்கும் சோலி ஆரம்பமானது. கேட்டுக்கு அடிக்கும் வெள்ளிப் பெயிண்டை முதலில் பூசி, தோட்டத்து ஜீப்புக்கு வாங்கியதில் மிஞ்சிய பச்சையை அதன்மேல் அடித்தாள். பச்சை காய்ந்தபின் ஊசியால் அங்கங்கே சுரண்டினால் தகரம் வெளியே தெரிகிற மாதிரி இருக்குமாம், எஞ்சின் ஓரம் அடுப்புக்கரியைத் தேய்த்தால் புகை படிந்த மாதிரி இருக்குமாம். ஆனால் வெளியே விடாத மழை, வீட்டுக்குள் மூடுபனி. பச்சை விரலில் பிசுபிசுத்துக்கொண்டே இருந்தது. மறுநாள் விடுதிக்குப் போயாக வேண்டும். மலைக்காரிகள் வேறென்ன செய்வோம்? ஸ்டோருக்குள் வைத்தோம், அதுவும் வெரசாகக் காயட்டும் என்று அடுப்புச் சூடு ஓடும் நெருப்புக் குழாயை ஒட்டி.

காலையில் பெயிண்ட் பிரமாதமாகக் காய்ந்திருந்தது. இடது இறக்கை மட்டும் வாடிய வாழையிலையாகத் தொங்கியது.

அக்கா அழுத அழுகையில் அப்பா பதறிப்போய் ஓடிவந்தார். விமானத்தை வாங்கி, கையில் வைத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். விறகு தள்ளிக் கறுத்த விரலால் தொங்கிய இறக்கையைத் தடவினார், கரி அதில் அப்பிக்கொண்டது.

“எதுக்குத்தா அழுவுற? சண்டைக்குப் போயிட்டு வந்தது நிமிந்தா நிக்கும்? வீடு வந்து சேந்துச்சுல்ல.”

அக்கா மூக்கை உறிஞ்சிக்கொண்டு அந்தக் கரியைக் கவனித்தாள். அவள் தேடிய புகை அதுதான். துடைக்கவே விடவில்லை. கண்காட்சியில் பரிசு எதுவும் கிடைக்கவில்லை. ஆனால் பாயாசக் கும்பல் அந்த மேசையைவிட்டு நகரவில்லை.

இப்போது அந்தத் தோட்டத்தில் மின்சார உலர்த்தி ஓடுகிறது; விறகும் இல்லை, உள்ளே துணி காயப்போட விடுவதும் இல்லை. என் பிள்ளைகளின் சீருடையில் சோப்பு வாசம் மட்டும்தான். அப்பா போடியில் என்னோடு இருக்கிறார். சென்ற மாதம் பக்கவாதம் வந்து, மருத்துவமனையிலிருந்து திரும்பியவருக்கு இடது கை தொங்கிவிட்டது. பார்க்க வந்தவர்களுக்குத் தெரியாமல் அதைத் துண்டால் மூடிக்கொண்டு, சுவரைப் பார்த்தபடி கிடந்தார். எனக்கு அதைத் தாங்கவே முடியவில்லை.

கோவையிலிருந்து அக்கா வந்தாள். அருகில் உட்கார்ந்து துண்டை மெல்ல விலக்கினாள். தொங்கிய கையை எடுத்துத் தன் மடியில் வைத்துக்கொண்டாள்.

“சண்டைக்குப் போயிட்டு வந்தது நிமிந்தா நிக்கும், அப்பா?”

அப்பா அவளையே பார்த்தார். பிறகு, வாயின் ஒரு பக்கத்தால் சிரித்தார்.