எட்டாவது காம்பராவில் நின்ற நூல்

என் கணவரின் கண்பார்வையைச் சர்க்கரை நோய் கொஞ்சம் கொஞ்சமாகக் குறைத்தது. பதுளை ஆஸ்பத்திரியில் ஊசி போட்டு, மிச்சம் இருப்பதைக் காப்பாற்றிக் கொடுத்தார்கள். கைக்கெட்டும் தூரத்தில் இருப்பது தெரியும். பெரிய எழுத்து என்றால் வாசிப்பார். அதற்கு அப்பால் எல்லாம் பனிமூட்டம் மாதிரி என்பார்.

வருஷத்துக்கு ஒரு தடவை அவரும் கடைத்தெருவில் துணிக்கடை வைத்திருக்கும் நண்பரும் பொத்துவிலுக்குப் போய், படகு பிடித்துக் கடலுக்குள் போவார்கள். படகு மெதுவாக ஓடிக்கொண்டிருக்கும். பின்பக்கம் இரண்டு தூண்டில்களிலிருந்து நூலை நீளமாக விட்டு, நுனியில் கட்டிய பொய்மீனை இழுத்துக்கொண்டே போவார்கள். ஒருவர் நூல் நூறு அடியில் நின்றால் மற்றவருடையது நூற்றைம்பதில் நிற்க வேண்டும். இல்லாவிட்டால் படகு திரும்பும்போது இரண்டும் பின்னிக்கொள்ளும். போன தடவை அப்படித்தான் ஆனது. எவ்வளவு நூல் விட்டிருக்கிறார் என்பது இவருக்கே தெரியவில்லை. சிக்கெடுப்பதிலேயே பாதிப் பொழுது போனதாம்.

இந்த வருஷம் நண்பர் வீட்டுக்கு வந்தார். தேத்தண்ணீர் குடித்து முடிக்கும்வரை வேறு கதை பேசினார். அப்புறம் கோப்பையைப் பார்த்துக்கொண்டே சொன்னார்: "கோவிச்சுக்காதீங்க. நூல் எவ்வளவு போகுதுன்னு ஒங்களால சொல்ல முடியும்னா வாங்க. இல்லன்னா இந்தத் தடவ வேற ஒருத்தரக் கூட்டிட்டுப் போறேன். ஞாயித்துக்கிழமைக்குள்ள சொன்னாப் போதும்." சொல்லும்போது அவருக்குத்தான் கூடுதலாக வியர்த்தது.

கணவர் மறுநாளே கொழும்புக்குப் போன ஒருவரிடம் சொல்லி, நூலை அளந்து காட்டும் தூண்டில் ரீல் ஒன்றை வாங்கிவரச் செய்தார். அதன் தலையில் சின்னக் கண்ணாடிச் சன்னல், உள்ளே இலக்கங்கள். உருளை சுற்றச் சுற்ற, எத்தனை அடி நூல் வெளியே போனது என்று இலக்கம் ஏறும். கண்ணுக்குப் பக்கத்தில் வைத்தால் அவரால் வாசிக்க முடிந்தது.

கூட வந்த இங்கிலீஷ் சிறுபுத்தகத்தை நான் வாசித்துச் சொன்னேன். அதில் முக்கியமானது ஒன்றுதான். உருளையில் நூல் விளிம்புக்குச் சற்றுக் கீழே வரை நிரம்பியிருக்க வேண்டும். குறைவாகச் சுற்றியிருந்தால் ஒவ்வொரு சுற்றிலும் வெளியேறும் நூல் குறையும். ஆனால் இலக்கம் தன்பாட்டில் ஏறிக்கொண்டே போகும். நூறு என்று காட்டும்போது எண்பதுதான் போயிருக்கும்.

பதுளையில் எங்கள் வீடு சரிவில் இருக்கிறது. நூறு அடி நேராக நூல் பிடிக்க அங்கே இடமில்லை. அதனால் ஞாயிறு காலை ஹாலிஎலப் பக்கத் தேயிலைத் தோட்டத்தில் இருக்கும் அவருடைய தம்பி வீட்டுக்குப் போனோம். அங்கே லயம் என்பது வரிசையாக ஒட்டிய ஒற்றையறை வீடுகள், ஒவ்வொன்றும் ஒரு காம்பரா. லயத்தின் முன்னால் தண்ணீர் ஓடும் கானை ஒட்டி நீளமான வாசல் உண்டு.

முதலில் அடிநூலாக மலிவான நைலான் தங்கூசியை உருளையில் முடிச்சுப் போட்டுச் சுற்றினோம். அதன்மேல் வழுக்காமல் ஒரு சுற்று டேப் ஒட்டினோம். பிறகுதான் விலைகூடிய பின்னல் நூல். அந்த நூற்கட்டைக்குள் பென்சிலைச் செருகித் தம்பி மனைவி பிடித்துக்கொண்டாள். நான் ஈரத்துணியால் நூலை அழுத்திப் பிடித்தேன். தளர்வாகச் சுற்றினால் பிறகு மேல்நூல் உள்ளே புதையும். கணவர் கைப்பிடியைச் சுற்றினார்.

"மாமா, இந்த நூலுக்கு ஒரு சேலையே நெஞ்சிறலாமே" என்றாள் அவள்.

"அதக் கட்டிக்கிட்டு மீனு வரும், நீ பாரு" என்றான் தம்பி.

கணவர் சிரிக்கவில்லை. ஒவ்வொரு நிமிஷமும் நிறுத்தி, விரல் நகத்தால் உருளையின் விளிம்பைத் தடவி, நூல் எவ்வளவு ஏறியிருக்கிறது என்று பார்த்தார். போதும் என்று அவரே சொன்னார்.

அடுத்தது சோதனை. ரீலைத் தூண்டில் கம்பில் பூட்டி, பொய்மீனைக் கம்பின் நுனியில் நிறுத்தி, இலக்கத்தைச் சைபருக்குக் கொண்டுவந்தோம். முதல் காம்பரா தொடங்கும் ஓரத்தில், வாசற்படியில் கணவர் நின்றார். தம்பி பொய்மீனைப் பிடித்துக்கொண்டு லயத்தின் ஓரமாக நடந்தான். காம்பரா ஒன்று பத்தடி. பத்துக் காம்பரா தாண்டினால் நூறு. கணவர் ரீலின் சன்னலை முகத்துக்கு நேரே பிடித்திருந்தார்.

"நூறு" என்றார்.

தம்பி நின்றது எட்டாவது காம்பரா முடியும் இடத்தில். "எண்பதுதாண்ணே வந்திருக்கு" என்று அங்கிருந்தே கத்தினான்.

திரும்பச் சுற்றித் திரும்ப விட்டோம். மறுபடியும் எட்டாவது. "கொஞ்சம் கூடச் சுத்துங்கண்ணே, நூல் பத்தல போல" என்றான். கூடச் சுற்றினோம். நூல் விளிம்பில் வழிந்து சட்டத்தில் உராய்ந்தது, சுற்றவே முடியவில்லை. கூடியதை வெட்டி எறிந்தோம்.

கணவர் ரீலைப் படியில் வைத்தார். "எனக்கு விளிம்பே தெரியல. எங்க நிறுத்துனேன்னு எனக்கே தெரியல. போன் போட்டு, நான் வரலன்னு அவருகிட்ட சொல்லிடு."

"நீங்களே சொல்லுங்க" என்றேன்.

ரீலை எடுத்துப் பார்த்தேன். நூலுக்கும் விளிம்புக்கும் நடுவே சுற்றிலும் ஒரே அளவு இடைவெளி. சிறுபுத்தகத்துப் படத்தில் இருப்பது போலவே இருந்தது. அவர் நகம் பிழை செய்யவில்லை.

"பத்துக் காம்பரா நூறடின்னு யாரு அளந்தது?" என்று தம்பியிடம் கேட்டேன்.

"இதென்ன அண்ணி, பத்தடிக் காம்பராதானே. தோட்டத்துல யாரக் கேட்டாலும் சொல்லுவாங்க."

உண்மைதான். நானும் அப்படியொரு லயத்தில் பிறந்தவள்தான். நானும் அப்படியே சொல்லியிருப்பேன். தம்பி மனைவி ரவிக்கை தைக்கிறவள். அவளுடைய அளவு டேப்பை வாங்கி, ஒரு கதவிலிருந்து அடுத்த கதவுக்கு அளந்தோம். பன்னிரண்டரை அடி. உள்ளே போய், வாசலிலிருந்து பின்சுவருக்கு அளந்தோம். பத்து. நாங்கள் எல்லோரும் சொல்லிக்கொண்டு திரிந்தது உள்ளே போகிற அளவு, வாசல் பக்கத்து அகலம் இல்லை.

"அப்ப பன்னெண்டடி வீட்ல இருந்துகிட்டா எடம் பத்தலன்னு சண்ட புடிச்சோம்?" என்றான் தம்பி.

"நீங்க காலு நீட்டிப் படுத்தா இருபதடியும் பத்தாது" என்றாள் அவன் மனைவி.

எட்டுப் பன்னிரண்டரை நூறு என்று நான் சொன்னபோது கணவர் தலையை நிமிர்த்தினார். ஆனால் நம்பவில்லை. முதலிலிருந்து எட்டாவது வரை டேப்பைத் தரையில் மாற்றி மாற்றி வைத்து அளக்கச் சொன்னார். அளந்தோம். திரும்ப நூலை விடச் சொன்னார். தம்பி பொய்மீனை அந்த இடத்தில் பிடித்துக்கொண்டு நின்றான். இவர் கம்பை என் கையில் கொடுத்துவிட்டு, இழுத்து நிற்கும் நூலை விரலால் தொட்டுக்கொண்டே நடந்து போனார். தம்பியின் கைவரை போய்ச் சேர்ந்ததும், "சன்னல்ல எவ்வளவு இருக்கு?" என்று அங்கிருந்து கேட்டார்.

"நூறு" என்றேன்.

அங்கேயே நின்று, சட்டைப்பையிலிருந்து போனை எடுத்துக் கண்ணோடு ஒட்டிப் பிடித்து, நண்பரை அழைத்தார்.

"ஆமாங்க, நான்தான். வாரேன். என் நூலு நூறுல நிக்கும், நீங்க நூத்தம்பதுல விடுங்க... இல்ல, உத்தேசமாச் சொல்லல. அளந்துட்டுத்தான் சொல்றேன்."

அந்தப் பக்கம் நண்பர் ஏதோ கேட்டார்.

"சிக்குனாவா? சிக்குனா இந்தத் தடவ ஒங்க நூலத்தான் வெட்டணும்."

நண்பர் சிரிப்பது போனைத் தாண்டி வந்தது. கணவர் அது அடங்கும்வரை காத்திருந்து, எத்தனை மணி பஸ் என்று கேட்டார்.