புரியாத ஆள் வேலை

என் மனைவிக்கு ஒரு சாதாரண ஆள் தேவைப்பட்டது. அந்தத் தகுதி எனக்கு இருப்பதாக அவள் வாய்விட்டு ஒப்புக்கொண்டது அப்போதுதான்.

அவள் மொழியியலில் ஆராய்ச்சி மாணவி. நான் ஸ்ரீரங்கத்துக்கும் சத்திரம் பஸ் ஸ்டாண்டுக்கும் நடுவே ஷேர் ஆட்டோ ஓட்டுகிறேன். பத்தாவதோடு எனக்கும் பள்ளிக்கூடத்துக்கும் ஒத்துவராமல் போனது. அப்புறம் கற்றதெல்லாம் கையில் கிடைத்த காகிதமும் பின்சீட்டுப் பேச்சும்தான்.

முதுகலை முடித்து ஆராய்ச்சி செய்கிறவர்களுக்கு அரசாங்கம் மாதாமாதம் உதவித்தொகை தருகிறது. இயற்பியலோ, விவசாயமோ, வரலாறோ, எந்தப் பாடமானாலும் சரி, நேர்காணலில் தேற வேண்டும். தேறாவிட்டால் ஆராய்ச்சியை நிறுத்திவிட்டு, முன்பு வேலை பார்த்த தனியார் பள்ளிக்கே திரும்புவது என்று பேசி வைத்திருந்தோம். என் வண்டி ஒரு குடும்பத்தை இழுக்கும். ஆராய்ச்சியையும் சேர்த்து இழுக்காது.

"சாதாரண ஆளுக்கும் புரியற மாதிரி சொல்லணுமாம். உக்காருங்க," என்றாள்.

செல்போனில் பேசுகிறவர்கள் பேச்சை எப்படி முடிக்கிறார்கள் என்பதுதான் அவளுடைய ஆராய்ச்சி. கையைவிட்டு இறங்காத போனை இன்னும் "வச்சிடட்டுமா" என்கிறோம். "அப்புறம்?", "வேற என்ன?", "சரி, சரி" என்று வாசல்வரை வந்து மறுபடி உள்ளே போய் உட்கார்கிறோம். அது தெருவுக்குத் தெரு மாறுகிறதாம்.

சில நாள் நன்றாகவே புரியாமல் இருந்தேன். ஒருநாள் அவள் தொடங்குமுன் நானே முழுவதையும் ஒப்பித்துவிட்டேன்.

"போச்சு. உங்களுக்குப் புரிஞ்சிருச்சு. இனிமே பிரயோஜனமில்ல," என்றாள்.

அதனால் அவளை என் பக்கத்தில் உட்கார வைத்துக்கொண்டு, ஏறுகிறவர்களிடமெல்லாம் சொல்லச் சொன்னேன்.

அம்மாமண்டபத்தில் ஏறிய பூக்கார அக்கா கேட்டுவிட்டு, "போனை வைக்கிறதுக்கு எதுக்கு படிப்பு? செவப்பு பட்டனை அமுக்கு, முடிஞ்சுது," என்றார்.

எதிரில் இருந்த பெரியவர் ஒருவர், "இதுக்கு கவர்மென்ட்டு பணம் தருதா? நானும் தெனம் மச்சான்கிட்ட ஒரு மணி நேரம் பேசறேன். எனக்கும் எழுதிப் போடுங்க," என்றார்.

"போனை வைக்கிறதைப் பத்தித்தான் இவங்க படிக்கிறாங்க சார். நீங்கதான் வைக்கவே மாட்டேங்கறீங்களே," என்றார் அக்கா.

வண்டியே சிரித்தது. என் மனைவியும் சிரித்தாள், ஆனால் முகம் வாடிவிட்டது. நேர்காணலிலும் இதைத்தானே கேட்பார்கள்.

அப்போது ஓரத்தில் முக்காடு போட்டு உட்கார்ந்திருந்த அம்மா வாயைத் திறந்தார். "என் புள்ள சவுதில இருக்கான்மா. 'வேற என்னம்மா, வேற என்னம்மா'ன்னு இழுத்தான்னா நல்லா இருக்கான், அல்ஹம்துலில்லாஹ். சலாம் சொல்லி சட்டுனு வச்சான்னா ஏதோ மறைக்கிறான். அன்னிக்கு எனக்குச் சோறு எறங்காது."

மனைவி முழுசாகத் திரும்பினாள். "இதை நான் இன்டர்வியூல சொல்லலாமாம்மா?"

"சொல்லிக்கம்மா. பேரு மட்டும் வேணாம், கோச்சுக்குவான்."

நேர்காணல் அன்று நான் வெளியே வேப்பமர நிழலில் நின்றேன். வாழைநாரை ஆராய்கிறவர் ஒருவர், கல்வெட்டை ஆராய்கிறவர் ஒருவர் என்று உள்ளே போய் வந்தார்கள். அவள் வெளியே வந்ததும் சொன்னாள். எதிர்பார்த்த கேள்வியே வந்ததாம்: மக்கள் வரிப்பணத்தை இதற்கு ஏன் தரவேண்டும்? அவள் அந்தத் தாயின் கதையைச் சொல்லியிருக்கிறாள். குழுவில் ஒருவர் பேனாவைக் கீழே வைத்துவிட்டு, "என் பொண்ணு பெங்களூர்ல இருக்கா. வெறும் 'சரிப்பா'ன்னு சொல்லி வச்சுட்டா என்னம்மா அர்த்தம்?" என்று கேட்டாராம்.

"அதைக் கண்டுபிடிக்கத்தான் சார் பணம் கேக்கறேன்," என்றிருக்கிறாள்.

பட்டியல் வந்தது, அவள் பெயர் இருந்தது. அன்று சத்திரம் வரைக்கும் யாரிடமும் நான் காசு வாங்கவில்லை. வீட்டுக்கு வந்தால், ஆசிரியைகளுக்கு அந்தத் தனியார் பள்ளி கொடுத்த சீருடைச் சேலையை நாலாகக் கிழித்துக்கொண்டிருந்தாள்.

"இந்தாங்க, வண்டி தொடைக்க," என்றாள்.

நல்ல துணி. கண்ணாடியில் ஒரு கோடுகூட விழுவதில்லை.